நான்காவது சுற்றுத் தண்ணீர்

அப்பா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தபோது, நாற்றுப்பண்ணைக் கிணற்றில் நான்காவது சுற்று மாதிரி எடுக்கும் நாள் வந்தது. தானே போவதாக மகள் அலுவலகத்தில் சொன்னாள். அவளுக்கு மேசை வேலை. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைபடம் போடுவாள், அறிக்கை எழுதுவாள். கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தது இருபத்தாறு வருடமாக அப்பாதான்.

முதலில் அவர் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். அங்கே தரைக்கடியில் இருந்த டாங்கி துருப்பிடித்து ஒழுகியது. மண்ணைத் துளைத்துப் பார்க்க ஒரு குழு வந்தது. பழைய குழாய் போகும் வழி முதலாளிக்கே தெரியவில்லை. அப்பா காலால் கோடு கிழித்துக் காட்டினார். குழு கிளம்பும்போது அவரையும் அழைத்துக்கொண்டது.

"பெட்ரோல் போடுற வேலைய விட்டுட்டு, போன பெட்ரோல தேடுற வேலைக்கு வந்துட்டேன்" என்பார்.

நாற்றுப்பண்ணை ஒரு பங்கை ஒட்டி இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பங்கின் டாங்கியும் ஒழுகியது. பண்ணைக்கார அம்மாவின் செடிகளுக்கும், அவரும் ஆட்களும் குடிப்பதற்கும் அந்த ஒரு கிணறுதான். அப்பா எடுத்து வந்த தண்ணீரில் பெட்ரோல் இல்லை என்று ஆய்வுக்கூடம் சொன்னது. மகள் அறிக்கையை எழுதி முடித்தாள். பண்ணைக்கும் போனில் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் அப்பா அவள் மேசை முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை.

"அந்த அறிக்கைய நிறுத்தும்மா. ஒரு குப்பியில குமிழி இருந்துச்சு. பட்டாணி அளவு."

"மூணு குப்பி எடுத்தீங்களேப்பா?"

"மத்த ரெண்டையும் கவுத்துப் பாக்கவே இல்ல. அவசரத்துல மூடிட்டேன்."

குப்பியில் காற்று இருந்தால் பெட்ரோல் தண்ணீரை விட்டு அந்தக் காற்றுக்குள் போய்விடும். கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீர் மாதிரி பேர் வாங்கிவிடும். அவசரத்துக்குக் காரணம் மகள்தான். குழந்தைக்குக் காய்ச்சல், சீக்கிரம் வாங்க என்று அவள்தான் அன்று போன் செய்தாள். அதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை.

மேலாளருக்கு எரிச்சல். "முடிஞ்சு போனத ஏன் சார் கிளறுறீங்க? நல்ல செய்திதானே வந்திருக்கு?"

"கிளறலைன்னா அந்தம்மா அதைக் குடிக்கும் சார்."

திரும்பப் போய் எடுத்தார். இந்தத் தடவை பெட்ரோல் இருந்தது, கொஞ்சநஞ்சம் இல்லை. கிணற்று மோட்டாருக்குப் பூட்டுப் போட்டார்கள். பங்கின் டாங்கியைத் தோண்டி எடுத்தார்கள், நாறிய மண்ணை லாரி லாரியாக அள்ளினார்கள், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அது வருடக்கணக்கில் நடந்தது. அதுவரை பண்ணைக்குத் தண்ணீர் லாரிதான். மூன்று மாதத்துக்கு ஒரு சுற்றாக, தொடர்ந்து நான்கு சுற்று சுத்தமாக வந்தால்தான் பூட்டைத் திறப்பார்கள். மூன்று வந்துவிட்டன. மூன்றையும் எடுத்தவர் அப்பா.

மகள் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போதே பண்ணைக்கார அம்மா பார்த்துவிட்டார்.

"என்ன, உங்கப்பா வெயிலுக்குப் பயந்துட்டாரா? மகள அனுப்பிட்டு ஒதுங்கிட்டாரா?"

அவள் சொன்னாள். இரண்டே வாக்கியம். பண்ணைக்கார அம்மா கவிழ்த்து வைத்திருந்த தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மகள் வேலையைத் தொடங்கினாள். குழாயை இறக்கினாள். முதல் குப்பியை மூடிக் கவிழ்த்து விரலால் தட்டினாள். குமிழி. கொட்டிவிட்டு வேறு குப்பி எடுத்தாள். மறுபடியும் குமிழி. அதையும் கொட்டிவிட்டு அவசரமாக அடுத்ததைத் திறந்தாள்.

"மெதுவா செய்யும்மா. நானும் எங்கயும் போகல, கிணறும் போகல" என்றார் பண்ணைக்கார அம்மா. அடுத்த குப்பி நிரம்பும்போது அவரே பேசினார். "முதல் ரெண்டு வருஷம் அவர்கிட்ட நான் முகம் கொடுத்துப் பேசல. வாசல்ல வச்சுத் திட்டியிருக்கேன். நல்லாயிருக்குன்னு சொன்ன வாயாலயே கெட்டுப்போச்சுன்னு சொன்னா எரியாதா? மனுஷன் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு, வேலைய முடிச்சுட்டு, போயிட்டு வரேன்மான்னுதான் போவாரு."

"வீட்டுல வந்து ஒண்ணும் சொன்னதில்லையே."

"அவரு எங்க சொல்லுவாரு? தப்பு என்னுதுன்னு அவரா வந்து சொன்னதாலதான் நாங்க தப்பிச்சோம். அது என் மண்டைக்கு ஏற ரெண்டு வருஷம் ஆச்சு. ஆறு மாசம் முன்னாடி அத அவர்கிட்டயே சொல்லிட்டேன், நல்லவேளை."

"என்ன சொன்னாரு?"

"இன்னும் ரெண்டு சுற்று இருக்கும்மா, அதுக்குள்ள பாராட்டாதீங்கன்னாரு."

மகள் சிரித்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவை. மூன்று குப்பிகளும் சரியாக அமைந்த பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. சுத்தம். ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து, குப்பிகள் வந்து சேர்ந்த நிலையையும் கேட்டுக்கொண்டாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

உத்தரவு வந்த அன்று கடிதத்தை அவளே கொண்டு போனாள். பூட்டைத் திறந்தார்கள். மோட்டார் இரண்டு முறை உறுமி நின்றது, மூன்றாவது முறை ஓடியது. முதலில் செம்மண் நிறம். காத்திருந்தார்கள். தெளிந்தது.

பண்ணைக்கார அம்மா டம்ளரை நிரப்பினார். ஆனால் குடிக்கவில்லை. அவளையே பார்த்தார்.

மகள் வாங்கிக் குடித்தாள். குளிர்ச்சியாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டாள். அதற்குள் பண்ணையாட்கள் குடங்களோடு வர ஆரம்பித்திருந்தார்கள்.