தீவில் பெய்த அரியலூர் மழை

எங்கள் ஊர் மழை சில வருஷங்கள் கடலில் பெய்திருக்கிறது. கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த மழையை அரியலூரில் அளந்து, இன்லண்ட் லெட்டரில் எழுதி, வாரம் தவறாமல் அனுப்பிவைத்த மடச்சி நான்தான்.

என் கணவருக்கு வானிலை ஆபீஸில் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவரைத் தெற்கே ஒரு தீவில் போட்டிருந்தார்கள். அங்கே குடிக்கிற தண்ணீர்கூடப் படகில் வர வேண்டும், குடும்பம் வைக்க முடியாது என்று சொல்லி, என்னை அரியலூரில் அவருடைய அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். காலை எட்டரைக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் வெயில், காற்று, மழை மூன்றையும் பார்த்துக் குறிக்க வேண்டும். காலையில் பார்த்ததை அன்றைக்கே தந்தியில் சொல்ல வேண்டும். மாசக் கடைசியில் எல்லா நாளையும் ஒரு பெரிய தாளில் நிரப்பி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் அவர் வேலை.

இதைக் கேட்டால் ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். அவர் சொல்லும்போது அப்படி இருக்காது. "ஒரு நாள் விட்டாலும் அதுல ஓட்டை விழுந்துடும். போன மழை போனதுதான், திரும்பப் பெய்யச் சொல்லிப் பாக்க முடியாது. கடல்ல போறவன் உசுரு அதுலதான் இருக்கு" என்பார். அவர் பொங்கலுக்கு வரவில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை. என் வளைகாப்புக்கும் வரவில்லை. யாராவது ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தால் என் மாமனார் முந்திக்கொள்வார். அவர் ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டு மனிதர், கடலைப் பார்த்ததே கிடையாது. "எம்மவன் ஒரு நாளு லீவு போட்டான்னா அங்க கப்பலு கவுந்துடும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். நானும் அதையே கொஞ்சம் படித்த பாஷையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் அல்லவா.

இரண்டாவது தடவை ஊருக்கு வந்தபோது என் கணவர் ஒரு பழைய மழைமானியைக் கொண்டுவந்தார். ஆபீஸில் கழித்துப் போட்டது. புனல் வைத்த ஒரு தகர உருளை, உள்ளே மழைத் தண்ணீர் சேர ஒரு பாட்டில், அளக்க விளிம்பு உடைந்த ஒரு கண்ணாடிக் குடுவை. கொல்லையில் முருங்கை மரத்துக்குத் தள்ளி வெட்டவெளியில் சிமெண்ட் பூசி அதை நிறுத்தினார். குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் தண்ணீரின் நடுப்பள்ளத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். "தெனம் எட்டரைக்கு நீயும் பாரு. பாத்ததை லெட்டர்ல எழுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே வேலையச் செய்யறாப்புல இருக்கும்ல" என்றார்.

எனக்கு அன்றைக்கு வயது இருபது. பூவும் அல்வாவும் வாங்கி வருகிற புருஷன்மாரைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை யாரும் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. உருகிவிட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். சனிக்கிழமை அந்த வாரத்துக் கணக்கை லெட்டரில் எடுத்து எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவேன். மசக்கையில் தலை சுற்றிக் கிடந்தபோதும் எட்டரைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பிரசவத்துக்கு அம்மா வீடு போன மாதங்களில் மாமனாரைப் பார்க்க வைத்தேன். அவர் தண்ணீரை அளந்து எழுதிவிட்டு, "இதுக்கெல்லாம் ஒரு சம்பளம் குடுக்கறான் பாரு கவருமெண்டு" என்று சொல்வாராம்.

மகன் பிறந்தான். அவன் அப்பா வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார். ஏழாவது மாதம், புரட்டாசி பிறக்கிற சமயம், அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாளில் கண் உள்ளே போய்விட்டது. விடியற்காலை அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமனார் தந்தி ஆபீஸ் திறக்கும்வரை வாசலில் நின்று, குழந்தை மோசம், உடனே வரவும் என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் வருவார் என்று ஒவ்வொரு ரயிலுக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன். தெற்கேயிருந்து வருகிற வண்டி சத்தம் கேட்டால் மாமனார் எழுந்து ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போவார், கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வருவார். மூன்றாம் நாள் காலை பதில் தந்தி வந்தது. மாற்று ஆள் இல்லை, ரீடிங் விட முடியாது, தைரியமாக இரு என்று அதில் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் என் மடியிலேயே மகன் போய்விட்டான். சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. மாமனார்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அப்பன் போட வேண்டிய மண்ணையும் தான்தான் போட்டதாகச் சொல்லி அழுதார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னையறியாமல் கொல்லைக்குப் போய்விட்டேன். மழைமானி நான்கு நாளாகத் திறக்கப்படாமல் இருந்தது. குடுவையில் ஊற்றி ஊற்றி அளந்தேன், முப்பத்தொரு மில்லிமீட்டர் வந்தது. நான்கு நாளும் சேர்ந்த மழை அது. எந்த நாள் எவ்வளவு பெய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் நான் ஜன்னலையா பார்த்துக்கொண்டிருந்தேன்? ஆனால் பெற்ற பிள்ளை சாகும்போதுகூட ஒரு நாளை விடாத மனுஷனுக்கு நான் எப்படி ஓட்டையை எழுதி அனுப்புவது? பால் கட்டி நெஞ்சு விண்விண்ணென்று தெறிக்க, அங்கேயே உட்கார்ந்து அந்தத் தண்ணீரை மனசுபோன போக்கில் நான்காகப் பிரித்தேன். 14.2, ஒன்றுமில்லை, 9.4, 7.4. நோட்டில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

இருபது நாள் கழித்து வந்தார். முற்றத்தில் நின்று அழுதார். நான்தான் தண்ணீர் கொடுத்து, "விடுங்க, ஒங்க வேல அப்படி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று தேற்றினேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, "அந்த நாலு நாளுங்கூட விடாம எழுதியிருந்தியே" என்று என் கையைத் தடவிக்கொடுத்தார். இவ்வளவு நேர்மையான மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ஒரு மகள் பிறந்தாள். மாமனார் காலமானார். இவருக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்து, சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருகிற புருஷனானார். மழை எழுதுவதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை, நானும் நிறுத்திவிட்டேன். இப்படிச் சில வருஷம் போயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாத லீவில் வீட்டில் இருந்தார். ஒருநாள் பெரம்பலூரில் தெரிந்த டாக்டரிடம் தையலைக் காட்டி வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனார். அன்றைக்குத் தபால்காரர் ஒரு ரிஜிஸ்டர் கவர் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி, அவசரமோ என்னவோ என்று பிரித்தேன்.

உள்ளே ஒரு கடிதமும் டைப் அடித்த நான்கைந்து தாள்களும் இருந்தன. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அதைப் படிக்க அரை மணி ஆயிற்று. பழைய பதிவுகளைச் சரிபார்க்கிறார்களாம். ஆவணி, புரட்டாசியில் அந்தத் தீவுப் பக்கம் மழை என்பதே அபூர்வமாம். எதிர்க்கரையில் சொட்டு மழை இல்லாத நாட்களில் தீவில் மட்டும் இவ்வளவு மழை எப்படிப் பெய்தது, பதினைந்து நாளுக்குள் விளக்கம் கொடுக்கவும் என்று கேட்டிருந்தார்கள். தாள்களில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். அந்த நாளின் தந்தியில் வந்தது ஒன்றில், மாசக் கடைசியில் இவர் எழுதி அனுப்பியது இன்னொன்றில். பென்சிலால் வட்டம் போட்ட தேதிகளில் தந்திக் கட்டத்தில் வெறும் கோடு இருந்தது. தந்தியே வரவில்லை. பக்கத்துக் கட்டத்தில் மழைக் கணக்கு இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைப் புரட்டியபோது ஒரு புரட்டாசி மாதத்தில் நான்கு வட்டங்கள் வரிசையாக நின்றன. 14.2, ஒன்றுமில்லை, 9.4, 7.4.

டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அது நிஜ மழையாக இருந்திருந்தால், அங்கேயும் அதே மாதிரி பெய்திருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருப்பேன். அப்படிச் செய்கிற ஆள்தான் நான். ஆனால் இது எந்த ஊரிலும் பெய்யாத மழை. கொல்லையில் உட்கார்ந்து நான் இட்டுக்கட்டியது. வட்டம் போட்ட மற்ற தேதிகளையும் பார்த்தேன். எல்லாம் நான் எழுதியதுதான். அவர் வேலை பார்க்காத நாட்களை அடைக்கத்தான் அந்த மழைமானியைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் அதற்குத்தான். அதை நான் காதல் என்று நம்பி, பிள்ளைத்தாய்ச்சியாக மழையில் நனைந்துகொண்டு போய் அளந்திருக்கிறேன். என்மேல் எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் வந்தார். காபி குடிக்கும்வரை பொறுத்திருந்து, தாளையும் நோட்டையும் எதிரில் வைத்தேன். பார்த்த உடனே தெரிந்துகொண்டார். "இதெல்லாம் எல்லா ஸ்டேஷன்லயும் நடக்கறதுதான். ஏதோ வேல இல்லாதவன் ஒருத்தன் தோண்டியெடுத்துட்டான்" என்றார்.

"புள்ள சாகக் கெடந்த நாலு நாளும் நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன்."

"ரீடிங் எடுக்கலையே."

"எடுக்கல. தந்தி வந்ததும் ஒண்ணும் ஓடல. குவார்ட்டர்ஸ்ல படுத்துக் கெடந்தேன்."

"சும்மா படுத்துக் கெடந்ததுக்கு வந்திருக்கலாமேங்க. ஒரு ராத்திரி வண்டிதானே."

காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "வந்தா நீ அழுவ. அதைப் பாக்கணுமேன்னு இருந்துச்சு" என்றார்.

இன்னொருத்தி இருந்தாள் என்று சொல்லியிருந்தால்கூட மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், ஆறியிருக்கும். அந்த வேலைக்காக என்னை விட்டார் என்று நினைத்துத்தான் அத்தனை வருஷம் பொறுத்தேன். அவர் அந்த வேலைக்கும் போகவில்லை, எனக்கும் வரவில்லை. நான் எழுந்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதை அவர் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கடிதத்தை மறுபடி படித்துவிட்டு, பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவர் மனுக்களை எப்போதும் நான்தான் எழுதுவேன்.

"எழுது. பெத்த புள்ள எறந்துபோன துக்கத்துல லீவு சொல்லாமக் கொள்ளாம அரியலூருக்கு வந்துட்டேன். சம்சாரத்தோட நாலு நாளும் ஆஸ்பத்திரியில இருந்தேன். திரும்பிப் போயி மனசு சரியில்லாம ஏதோ எழுதிப்புட்டேன். இதைச் சொன்னா மத்த தேதியெல்லாம் கேக்க மாட்டாங்க. அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானே."

நான் பேனாவை எடுத்துவிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள், அவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. "எனது மகன்" என்று எழுதி நிறுத்தி, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பென்சில் வட்டங்கள்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எறந்தது இதுல எந்தத் தேதி?" என்று கேட்டார். "மூணாவதா, நாலாவதா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். "பஞ்சாயத்து ஆபீஸ்ல எழுதியிருப்பாங்க. போயிக் கேட்டுக்குங்க" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்து, விளக்கத்தை அவரே எழுதி அனுப்பினார். ஆபீஸில் இரக்கப்பட்டு, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்த ஃபைலைப் படித்தவர்கள் எல்லாரும், பாவம், பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டி பக்கத்திலேயே இருந்த மனுஷன் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் ஓய்வு பெறுகிறவரை அது அப்படியேதான் இருந்தது, மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தது மாமனார் ஒருத்தர்தான்.