மைன்ஸுக்குள் விழுந்த கடல் புள்ளிகள்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மைன்ஸுக்குள் கடல் வந்துவிட்டது!

பயப்படாதீர்கள்... நெய்வேலி பத்திரமாகத்தான் இருக்கிறது. கடல் வந்தது லேப்டாப்பில். ஆனால் அன்று மதியம் வரை எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

என் மகள் வெண்ணிலா கடல் அறிவியலில் எம்.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் நிலக்கரி ஊரில். கடல் மேல் எப்படி ஆசை வந்தது? தெரியாது! கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கடலுக்கு அடியில் எங்கே மணல், எங்கே சேறு என்று பார்ப்பதுதான் அவள் ப்ராஜெக்ட். அதற்காகப் படகில் போய், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே அடிமண்ணை அள்ளி வந்திருக்கிறாள்.

இவர்களைப் போன்றவர்களுக்காக இன்டர்நெட்டில் ஒரு கடல் மேப் இருக்கிறது. நாம் போனில் பண்ருட்டிக்கு வழி பார்க்கிறோமே, அந்த மாதிரி. கடலில் ஓர் இடத்தைத் தொட்டால் ஆழம் சொல்கிறது, நீரோட்டம் காட்டுகிறது. மாணவர்கள் தாங்கள் மண் எடுத்த இடங்களைப் புள்ளிகளாக அதில் ஏற்றுகிறார்கள். எங்கோ இருக்கும் ஆராய்ச்சியாளர் அதை எடுத்துத் தன் கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறார். முகம் தெரியாதவர்கள் ஒரே மேப்பில் வேலை செய்கிறார்கள்... நல்ல விஷயம்தானே?

அப்படி ஒருவர்தான் இவளுடைய கைடு மேடத்துக்கு எழுதியிருக்கிறார் — ‘உங்கள் மாணவியின் புள்ளிகள் தரையில் இருக்கின்றனவே?’

மேடம் அதை அப்படியே வெண்ணிலாவுக்கு அனுப்பி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். ‘நீ உண்மையிலேயே கடலுக்குப் போனாயா? திங்கட்கிழமை வந்து விளக்கம் சொல்.’

லீவுக்கு வந்திருந்தவள் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“போகாமலே போனேன்னு எழுதிட்டேன்னு நெனைக்கிறாங்கம்மா. ப்ராஜெக்ட்டே போயிடும்.”

“கூட வந்தவங்களைக் கேக்கச் சொல்லேன்.”

“கேப்பாங்க. ஆனா ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா... அப்புறம் நான் என்ன எழுதினாலும் நம்புவாங்களா?”

வைத்த சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்காரர் வந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எத்தனை வருடம் டவுன்ஷிப்பில் இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை.

“ஏன் ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க?”

சொன்னேன். வெண்ணிலா மேப்பைத் திறந்து, சாட்டிலைட் படத்தில் தன் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“அட, இது நம்ம மைன்ஸு பாப்பா! இதோ பாரு, கன்வேயர் போற லைனு. நான் தெனம் நின்னுக்கினு இருக்கற எடத்துலயே ஒரு புள்ளி வச்சிருக்கியே!”

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்!

“ஏங்க, பொண்ணு அழுதுட்டு இருக்கா. சிரிப்பு கேக்குதா உங்களுக்கு?”

ஆனால் வெண்ணிலா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கொஞ்சம் நகருங்க... இது நாங்க போட்ல போன அதே வரிசை. அப்படியே இருக்கு. ஆனா கொஞ்சம் சுருங்கியிருக்கு.”

படகில் ஜி.பி.எஸ். கருவியின் திரையை எடுத்த போட்டோக்களைப் போனில் தேடினாள். அடுத்த நிமிடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். படகில் இருந்த கருவி இடத்தை டிகிரி, மினிட் என்று காட்டுகிறது. ஒரு டிகிரிக்கு அறுபது மினிட், நம் கடிகாரத்தைப் போல. எழுபத்தொன்பது டிகிரி ஐம்பது மினிட் என்பதை இவள் அவசரத்தில் 79.50 என்று அடித்துவிட்டாள். மேப்போ ஒரு டிகிரியை நூறாகப் பிரித்து, 79.50 என்றால் எழுபத்தொன்பதரை என்று எடுத்துக்கொண்டது. வடக்கு தெற்குக் கணக்கிலும் இதே தப்பு. கிழக்கே கடலில் இருக்க வேண்டியதெல்லாம் தரையேறி, நேராக அப்பாவின் மைன்ஸுக்கு வந்துவிட்டது. ஆழம் காட்ட வேண்டிய கட்டம் புள்ளிகளை ஏற்றிய அன்றே காலியாகத்தான் வந்ததாம். நெட் ஸ்லோ என்று நினைத்து விட்டுவிட்டாளாம்!

எண்களை எல்லாம் மாற்றி மறுபடி ஏற்றினாள். புள்ளிகள் ஒவ்வொன்றாகப் போய் நீலத்தில் உட்கார்ந்தன. ஆழமும் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

உடனே மேடத்துக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். மேடம் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அந்த ஜி.பி.எஸ். போட்டோவை அனுப்பும்மா.”

அனுப்பினாள். சிறிது நேரத்தில் மேடமே கூப்பிட்டார். “பார்த்துட்டேன், சரியா இருக்கு. போனியான்னு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது வெண்ணிலா. எப்படி ஆச்சுன்னு கேட்டிருக்கணும்.”

இப்போதுதான் என் பெண் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த முகம் தெரியாத ஆராய்ச்சியாளரும் எழுதிவிட்டார். அவர் சேறு இருக்கும் என்று கணித்த இடத்தில் இவளுக்கும் சேறுதான் கிடைத்திருக்கிறதாம். நன்றி சொல்லியிருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்று தப்பாகத் தெரிந்ததும் ‘பொய்’ என்று முடிவுகட்ட எவ்வளவு அவசரப்படுகிறோம்! ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மேடத்தை மட்டும் சொல்லவில்லை... வேலைக்கு வரும் பெண்மணியிடமும், வீட்டுக்காரரிடமும் நான் கேட்கும் கேள்விகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெண்ணிலா ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். போகும் முன் அப்பாவின் போனில் அந்த மேப்பைத் திறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மனிதர் சோபாவில் சாய்ந்து வங்காள விரிகுடாவில் இறங்கிவிடுகிறார்.

பல வருடங்களுக்குப் பிறகு டிவி ரிமோட் என் கையில்!