கபடிக் கோச்சிடம் போன ஒரிஜினல்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு எங்கள் மலையில் பைல் நாடு என்கிற பகுதியில் விளைகிற மிளகில் என் களத்துக்கு வராமல் கீழே இறங்குவது கொஞ்சம்தான். இரண்டு பிக்கப் வண்டி சொந்தமாக ஓடுகிறது. ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் வைத்து மூடினால் போதும், இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவேன். கீழ்நாட்டு வியாபாரிகள் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு நான் சொன்னதையேதான் திருப்பிச் சொல்வார்கள். பேங்க் மேனேஜர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போடுவார். இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், இப்படிப்பட்ட ஆள் ஒரு பிளாஸ்டிக் பைலுக்காக ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி கபடி ஆடுவாள். பாறையிலும் சரிவிலும் ஓடி வளர்ந்த கால். எதிர்ப்பக்கம் ரெய்டு போனால் மூன்று பேர் அமுக்கினாலும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள். அந்த மூச்சு எங்கள் வம்சத்து மூச்சு. அவள் அப்பன் வீட்டில் பத்துப் படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவள் பிளஸ் டூ முடித்த கோடையில் சேந்தமங்கலத்தில் ஒரு போட்டி நடந்தது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு காலேஜ் கோச்சுகள் எங்கள் வீட்டைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். காலேஜ்களுக்குள் இப்போது இதுதான் போட்டி. டீம் ஜெயித்தால் பேப்பரில் பேர் வரும். பேர் வந்தால் பீஸ் கட்டுகிற பிள்ளைகள் வந்து சேரும். அதனால் நல்லா ஆடுகிற பிள்ளை எங்கே இருந்தாலும், மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறியாவது வந்து கூட்டிப்போவார்கள்.

முதலில் வந்தவர் நாமக்கல் பக்கத்துக் காலேஜ் கோச். வெள்ளைக் கார், கழுத்தில் விசில்.

"பீஸ் இல்லீங்க. ஹாஸ்டலுக்கும் காசு இல்லீங்க. தெனம் நாலு முட்டை. ஷூ, டிரஸ் எல்லாம் காலேஜ் செலவு."

"உங்களுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டேன். ஆளை எடை போட எனக்கு வேறு வழி தெரியாது.

"தொண்ணூறாயிரமுங்க."

"பாடம் நடத்தறவருக்கு?"

"முப்பது தாண்டாதுங்க. அவரப் பாத்து யாருங்க காலேஜ்ல சேர்றாங்க?"

வாசல்படியில் நின்ற என் மகள் விடவில்லை. "அப்ப சொல்லித் தர்றவரவிட ஓடச் சொல்றவருக்குத்தான் காசுங்களா?"

"நீ போயி டீயப் போடு கண்ணு" என்று அவளை உள்ளே அனுப்பினேன். அவள் கேள்வி கேட்டால் லேசில் நிறுத்தமாட்டாள்.

மிளகுக்கு விலை பேசுகிற மாதிரி பேசி, நாலு முட்டையை ஆறாக்கினேன். மாதம் இரண்டாயிரம் கைச்செலவுக்கும் சம்மதிக்க வைத்தேன். கோச் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "சர்டிபிகேட் எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் குடுங்க போதும். ஒரிஜினல அட்மிஷன் அன்னைக்குக் கொண்டாங்க" என்றார்.

ஜெராக்ஸ் கடை செம்மேட்டில்தான். அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. இரண்டாவது கோச் வளைவில் ஏறிக்கொண்டிருப்பதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. அதைக் கேட்டதும் இவர் நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். எனக்கோ ஆறு முட்டை வாங்கிய குஷி.

"ஜெராக்ஸ் எதுக்குங்க? ஒரிஜினலையே எடுத்துட்டுப் போங்க. எங்க மலையில பேச்சுதான் சீட்டு" என்றேன்.

அது வெறும் வீறாப்பு இல்லை. எங்கள் தொழில் அப்படி. என் களத்தில் மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறவன் யாரும் என்னிடம் ரசீதுச் சீட்டு கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், உன்மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அதே கையோடு பைலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். டி.சி., இரண்டு மார்க் லிஸ்ட், அப்புறம் சாதிச் சான்றிதழ் கார்டு.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மலைக்காரர்கள் என்பது எங்களைப் பார்த்தாலே தெரியாதா என்று நினைப்பீர்கள். ஆபீசுக்குத் தெரியாதாம். உங்கள் சாமி எது, கல்யாணம் எப்படிச் செய்வீர்கள், செத்தால் எப்படிப் புதைப்பீர்கள் என்று வந்து வந்து கேட்டார்கள். நான்கு வருடம் என் மகள் கைக்காரியத்தை விட்டுவிட்டு மலை இறங்கி, ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து வாங்கிய கார்டு அது. அதைத்தான் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது கோச் வந்தபோது ஒரு பலாப்பழத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அதையும் ஒரு மாதம் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அட்மிஷன் அன்று எல்லாக் காரியத்தையும் கோச்சே முன்னால் நின்று முடித்துவிட்டார். வீடு திரும்பியதும் மகள், "பைலு எங்கீங்கப்பா?" என்றாள். "ஆபீஸ்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்க" என்றேன். ஆபீஸ் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை பேத்தி போன் செய்தாள்.

"அப்புச்சி, ஆபீஸ்ல ஒரிஜினல் கேக்கறாங்க. வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள தரலீன்னா யுனிவர்சிட்டில பேரு ஏறாதாம். இந்த வருசம் போயிருமாம்."

"கோச் குடுத்திருப்பாரே, சாமி."

"இல்லீங்களாம். ஜெராக்ஸ்தான் குடுத்தாராம். அவரு இங்க இல்லீங்க இப்ப. ஈரோட்டத் தாண்டி ஒரு காலேஜுக்குப் போயிட்டாரு. ஒன்றரை லட்சம் சம்பளமாம். எங்க டீம்ல ஆறு பேரக் கூட்டிட்டுப் போயிட்டாரு. என்னையும்தான் கூப்புட்டாரு. நான் இங்கதான் படிக்கப்போறேன்னு சொல்லிட்டேன்."

போனை வைத்த பிறகு களத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கோச் நம்பரைப் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடி மறைவில் நின்று, மகள் காதில் விழாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. வியாழக்கிழமை ஒருவர் மிளகு கொண்டுவந்தார். கையில் வைத்து மூடிப் பார்த்துவிட்டு "ஈரம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மிளகு நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. என் உள்ளங்கைதான் நனைந்திருந்தது.

"ஏனுங்கப்பா, மூணு நாளா தட்டத் தொட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறீங்க. ஒடம்புக்கு என்ன?" என்று மகள் கேட்டாள்.

"வண்டி டயர் தேஞ்சு போச்சு. நாளைக்கு நாமக்கல் போயி புதுசு வாங்கிட்டு வரணும்" என்றேன். எழுபதை நெருங்கிய மனுஷன், பெற்ற பிள்ளைக்குப் பயந்து டயர் மேல் பழியைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிய முதல் பஸ்; சொந்த வண்டியில் போனால் டிரைவர் மகளிடம் சொல்லிவிடுவான். காளப்பநாயக்கன்பட்டி, நாமக்கல், ஈரோடு என்று மூன்று பஸ் மாறி கோச் புதிதாகச் சேர்ந்த காலேஜ் வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று. உள்விளையாட்டு அரங்கத்தில் நீல மேட் விரித்து, புது டிரஸ் போட்ட பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார் கோச். என்னைப் பார்த்ததும் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"பெரியவரே, இன்னைக்கா வருவீங்க? காலேஜ் சேர்மன் இப்ப வந்துருவாரு."

"பைலக் குடுத்துட்டீங்கன்னா போயிருவேனுங்க."

"பொண்ணக் கூட்டிட்டு வாங்க. பைலு எங்கயும் போகாது."

"அவ வரலீங்கறா. அஞ்சு மணிக்குள்ள அங்க குடுக்கணுமுங்க."

கோச் குரலைத் தாழ்த்தினார். "ஏழு பேரக் காட்டித்தான் இந்தச் சம்பளம் பேசியிருக்குது. ஆறு பேர் வந்தாச்சு. ஏழாவது உங்க பேத்தி. அவ பைலக் காட்டி, பொண்ணு சேந்துருச்சுன்னு சேர்மன்கிட்ட சொல்லியாச்சு. இப்பப் போயி இல்லேன்னு சொன்னா என் கதி என்ன?"

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம். கோச் என்னை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு ஓடினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. எனக்குப் பேச்சு வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த அறையில் பேச்சு எதற்கு உதவும்? அந்தப் பெரிய கட்டடமும், பளபளவென்ற தரையும், ஒன்றரை லட்சம் கொடுக்கிற மனிதரும். இவர்களெல்லாம் சேர்ந்து, உன் பைலை நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லையே என்று சொல்லிவிட்டால் நான் எந்தச் சீட்டைக் காட்டுவேன்?

பதினொன்றரைக்குக் கதவைத் திறந்துகொண்டு நடந்தேன். நேராக அந்த நீல மேட் மேலேயே போய்விட்டேன்.

"அய்யா, செருப்புங்க. செருப்போட வராதீங்க" என்று ஒரு பெண் பதறினாள்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் திரும்பினார். "யாருங்க இவரு?"

கோச் வாய் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். "ஏனுங்க, அந்த ஏழாவது பொண்ணோட அப்புச்சி நானுங்க. அவ இங்க சேரலீங்க. சேரவும் மாட்டா. அவ படிக்கிற எடத்துல இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பைலு போகலீன்னா ஒரு வருசம் போச்சுங்க."

சேர்மன் கோச்சைப் பார்த்தார். "ஏழுன்னு சொன்னீங்களே சார்."

"ஒரு வாரத்துல வந்துருமுங்க."

"வராதுங்க" என்றேன்.

அவர் வரிசையில் நின்ற பிள்ளைகளைத் தலையெண்ணிப் பார்த்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார். "பெரியவருக்குப் பைலக் குடுத்து அனுப்புங்க. நாம அப்புறம் பேசிக்கலாம்."

அந்த "அப்புறம்" கோச் முகத்தில் என்ன செய்தது என்பதை நான் பார்த்தேன். என்னை அறைக்குக் கூட்டிப்போய்ப் பீரோவைத் திறந்தார்.

"நான் ஜெராக்ஸ்தானேங்க கேட்டேன்?" என்றார், திரும்பாமலே. "ஒரிஜினலத் தூக்கிக் குடுத்தது நீங்க."

"திருப்பித் தந்திருக்கலாமே?"

"தந்தா அடுத்த கோச் கொண்டுபோயிருவான். அன்னைக்கு அவன் வளைவுல ஏறிட்டிருந்தான்ல. பைலு யாருகிட்ட இருக்குதோ, பொண்ணு அவங்களுக்குத்தான். எங்க தொழில் இப்படிங்க." பைலை என் கையில் வைத்தார். "என் ஊட்லயும் ரெண்டு புள்ளைங்க படிக்குது."

ஒரு ஆளின் சம்பளத்தில் கை வைத்துவிட்டு அந்த வாசலைத் தாண்டினேன் என்பது இன்றும் உறுத்துகிறது. ஆனால் அப்போது நிற்க நேரமில்லை.

பைலைச் சட்டைக்குள் போட்டு, மேலே கையைக் கட்டிக்கொண்டேன். ஜன்னலோரம் உட்காரவில்லை, காற்றடித்தால் என்ன ஆகும் என்ற பயம். திருச்செங்கோடு தாண்டி பஸ் பஞ்சர். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பின்னால் வந்த இரண்டு பஸ்ஸும் நிற்கவில்லை. மூன்றாவதை மறிக்க நடுரோட்டில் போய் நின்றேன். டிரைவர் என் தாயாரை இழுத்துத் திட்டினார். திட்டிக்கொண்டாவது ஏற்றிக்கொண்டாரே என்று கும்பிட்டேன்.

பேத்தி காலேஜ் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். நாலு நாற்பது. பைலைப் பிடுங்கிக்கொண்டு ரெய்டு போகிற வேகத்தில் ஓடினாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஜன்னலில் கிளார்க்கம்மா ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கார்டு வந்ததும் நிறுத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது கலர் ஜெராக்ஸ் மாதிரி இருக்குதே."

கோச் மாற்றி வைத்துவிட்டாரோ என்று ஒரு எண்ணம் ஓடியது. நாமக்கல்லில் இறங்கி யாரிடமாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எழுத்துக் கூட்டி என் கையெழுத்தைப் போடத் தெரிந்தவனுக்கு, எது அசல் எது நகல் என்று எப்படித் தெரியும்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கிளார்க்கம்மா விரலை நாக்கில் தொட்டு முத்திரை மேல் தேய்த்தார். நீல மை கொஞ்சம் கலைந்தது.

"ஒரிஜினல்தான்" என்றார். கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினார். "பேர் ஏறிருச்சு. கோச் இல்லாததால ஸ்போர்ட்ஸ் கோட்டா சலுகை இப்போதைக்கு இல்லீங்க. இந்த வருசப் பீஸ் கட்டணும்."

"கட்டறேனுங்க" என்றேன். கேட்ட தொகையை இன்னொரு மடங்கு சேர்த்துக் கேட்டிருந்தாலும் கட்டியிருப்பேன்.

வெளியே படியில் உட்கார்ந்தேன். பேத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாமி, ஒண்ணு சொல்லணும். அந்தப் பைல நான்தான்..."

"தெரியுமுங்க அப்புச்சி. அன்னைக்கு நான் உள்ரூம்ல துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். ஆறு முட்டைன்னு சிரிச்சீங்க. அப்புறம் பைல எடுத்தீங்க."

"ஏன் தடுக்கல?"

"உங்களத் தடுத்தவங்க ஆருங்க இருக்காங்க நம்ம ஊட்ல?"

அப்புறம் அவளே கேட்டாள். "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கறேன்."

சனி, ஞாயிறு லீவு என்று அவளும் கூடவே வந்தாள். பஸ் வளைவு வளைவாக ஏற ஏற, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் கட்டிக் கட்டிப் பார்த்தேன். ஒரு தடவை கோச்சைத் திருடனாக்கினேன், இன்னொரு தடவை கரண்ட் மேல் போட்டேன். எதுவும் நிற்கவில்லை. இருட்டிய பிறகு எங்கள் ஸ்டாப்பில் இறங்கினால், மகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"டயர் எங்கீங்கப்பா? நீ எப்புடி கண்ணு இவரோட?"

"ஊட்டுக்குப் போயி சொல்றேன்" என்றேன்.

பேத்தி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "இங்கயே சொல்லுங்க அப்புச்சி."

சொன்னேன். யார் மேலும் போடாமல், செம்மேட்டில் கரண்ட் இல்லாததிலிருந்து இன்றைக்குக் கிளார்க்கம்மா விரல் வைத்துத் தேய்த்தது வரைக்கும் சொன்னேன். பைல் சேர்ந்துவிட்டது, பேர் ஏறிவிட்டது என்று இரண்டு தடவை சொன்னேன். மகள் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கார்டையுமா குடுத்தீங்க?"

"கார்டையும்தான்."

"நாலு வருசமுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் ரோட்டோரத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தாள். பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிக் கிளம்பிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.