ராசியான நீலச் சேலை

எண்பதுகளின் கடைசியில் நெல்லியடியில் நான் புகைப்பட ஸ்ரூடியோ வைத்திருந்தபோது, கனடா மாப்பிள்ளைகளுக்கு அனுப்பும் பெண்களின் படங்களால்தான் என் பிழைப்பு ஓடியது. அதற்கென்றே ஒரு நீலப் பட்டுச்சேலை வாங்கி வைத்தேன். என் மனைவி அதைப் பெண்களுக்கு உடுத்திவிடுவாள். அப்படிப் படமெடுத்த நாலைந்து பேருக்குச் சம்பந்தம் சரிவந்ததும், அது ராசியான சேலை என்று நானே சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தேன். கூட்டம் வந்தது.

ஒருநாள் கரவெட்டியிலிருந்து ஒரு தாய் கடிதத்தோடு வந்தார். இதே சேலையில் மூன்று பெண்களின் படம் வந்திருக்கிறது, உங்கள் மகளுக்குச் சொந்தமாகச் சேலை இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள்.

"என்ரை பிள்ளைக்கு அலுமாரி நிறையச் சேலை கிடக்கு தம்பி. நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தானே உந்தச் சேலையை உடுத்தினவள்?"

அந்தப் பெண்ணை அவளுடைய சேலையிலேயே மறுபடி படமெடுத்துக் கொடுத்தேன். நீலச் சேலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த கிழமை இன்னொரு தாய் மகளோடு வந்து அந்தச் சேலையைக் கேட்டார்.

"அது கிழிஞ்சு போச்சு அக்கா. பிள்ளை உடுத்திருக்கிறதே வடிவாய்த்தானே இருக்கு."

"அந்தச் சேலைக்காகத்தானே இஞ்சை வந்தனாங்கள்!" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

சேலையைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன நான், எனக்குப் படமெடுக்கத் தெரியும் என்று ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.