நான்கு கிணற்றுத் தண்ணீர்

தொண்டைமானாற்றில் எங்கள் வீடு மணல் நிலத்தில் இருக்கிறது. ஒரு காலை, மனைவி கழற்றி வைத்த சங்கிலியை என் கழுத்தில் மாட்டி, அவளைப் போலவே நெளிந்து கிணற்றில் தண்ணீர் அள்ளி அவளுக்கே காட்டினேன். சங்கிலி கழன்று கிணற்றுக்குள் விழுந்தது. இறந்துபோன அவளுடைய அம்மா கொடுத்த சங்கிலி அது. மோட்டர் போட்டு இரண்டு மணி நேரம் இறைத்தும் தண்ணீர் இறங்கவில்லை. என் வியர்வைதான் கிணற்றை நிரப்புகிறதோ என்று பயந்தேன்.

பக்கத்து வீட்டுச் சிவம் வேலியால் எட்டிப் பார்த்தான்.

“இது மணல் நிலம், அண்ணை. நீங்கள் இறைக்க இறைக்க எங்கடை தண்ணியெல்லோ உங்கடை கிணத்துக்கை ஓடி வருது.”

“அப்ப சங்கிலி இல்லாமல் நான் இனி வீட்டுக்குள்ளை போகேலாது.”

“பொறுங்கோ, நாங்களும் இறைக்கிறம்.”

சுற்றியிருந்த மூன்று வீடுகளிலும் மோட்டர்கள் ஓடின. மதியம் அடிமணலில் சங்கிலி மின்னியது. அன்று அவர்களுக்கும் கலங்கல் தண்ணீர்தான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அதுவரை என் வேலிக்குள் இருந்த தண்ணீர் என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.