துலுக்காத கடா

என் கணவரின் தாடையை உடைத்தது போலீஸ் அல்ல, குப்பைக் கம்பெனியின் அடியாளும் அல்ல. என் கூடப் பிறந்த தம்பி. அதுவும் கோயில் வாசலில், முனியாண்டி சாமிக்கு முன்னால்.

குளுவாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டுக்கு நடுவில் எங்கள் தோட்டம். அதற்கு மேலே இருக்கும் மேட்டு நிலத்தில் குப்பை எரிக்கும் தொழிற்சாலை கட்டப் போவதாகச் சொன்னார்கள். கழுவிவிடும் தண்ணீரெல்லாம் எங்கள் ஓடையில்தான் இறங்கும். பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர்களும் டுரியான் தோப்புச் சீனர்களும் நாங்களும் சேர்ந்து செம்மண் ரோட்டை மறித்து உட்கார்ந்தோம். வந்த லாரிகள் திரும்பிப் போயின. எங்களைக் கூட்டிவைத்தவர் என் கணவர். வாய் ஒன்றுதான் அவருக்குச் சொத்து.

மிரட்டிப் பார்த்த கம்பெனி அப்புறம் வழியை மாற்றியது. முனியாண்டி திருவிழாவுக்குக் கொழுத்த கடாக்களைப் பிக்கப்பில் ஏற்றி அனுப்பியது. என் கணவர் குதித்தார்.

"இத வாங்கினா ரோட்ட வித்த மாதிரி. நாளைக்குக் கம்பெனிக்காரன் நம்ம ஆட்டத் தின்னவங்கதானேன்னு சொல்லுவான்லா!"

கோயில் தலைவர் கையைக் கூப்பினார். "சாமிக்குன்னு வந்தத வேணாம்னு சொல்லக்கூடாதுப்பா. பாவம் நம்ம தலையில விழும்."

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. மனிதனுக்கு லஞ்சம் கொடுத்தால் காறித் துப்புவார்கள். சாமி பேரில் கொடுத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கடாக்களுக்கு மாலை விழுந்தது.

வருஷா வருஷம் கடா வெட்டுவது என் தம்பி. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை போய் வீட்டில் சும்மா இருந்தவனுக்குக் கம்பெனி காவல் காக்கும் ஜாகா வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அது எனக்குத் தெரியும். எந்த வேலையானாலும் அவன் சாமிக்குப் பயந்தவன், சாமி முன்னால் தப்புச் செய்ய மாட்டான் என்று நம்பினேன்.

வெட்டுவதற்கு முன் கடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால்தான் சாமி உத்தரவு. கம்பெனி கடா துலுக்கவில்லை. மறுபடி ஊற்றினார்கள். காதைக்கூட ஆட்டாமல் நின்றது. உறுமி மேளம் அடங்கியது. கடாக்களோடு வந்திருந்த கம்பெனி ஆள் சட்டையில் வியர்வையோடு நின்று கடிகாரத்தைப் பார்த்தான்.

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? முனியாண்டிக்கே வேணாமாம்!"

தம்பியின் கண் கம்பெனி ஆள் பக்கம் போனது. அடுத்த நொடி பாராங் கத்தியை ஓங்கி வெட்டிவிட்டான். உத்தரவு இல்லாமல் வெட்டியதை எங்கள் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. ரத்தம் என் சேலையில் தெறித்தது. "டேய் மாப்ள, என்னடா செஞ்ச!" என்று என் கணவர் அவன் கையைப் பிடித்தார். தம்பி திரும்பி, பாராங்கின் பிடியால் அவர் முகத்தில் இடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாற்காலிகள் பறந்தன. கம்பெனி ஆளின் கார்க் கண்ணாடி நொறுங்கியது. தேங்காய் உடைக்கும் கல்லை எடுத்துத் தம்பியின் முதுகில் எறிந்தது நான். பட்டது. சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கணவரின் வாயைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். கஞ்சியை உறிஞ்சிக் குடித்தார். அவர் பேச முடியாமல் போனதும் ரோட்டில் கூட்டம் கரைந்தது. லாரிகள் மறுபடி வரப்போகின்றன, இந்த முறை மேட்டில் ஏறிவிட்டால் அப்புறம் ரோடு நமக்கில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வீட்டிலேயே இருந்தார்கள்.

லாரிகள் வந்த காலையில் ரோட்டில் நானும் கம்பத்துப் பெண்கள் சிலரும்தான். முதல் லாரியிலிருந்து ஜாகா சட்டையோடு இறங்கியவன் என் தம்பி. கையில் தடி.

"எந்திரிக்கா. என் வேலைய கெடுக்காத."

"மாமாவோட வாய ஒடச்ச இல்ல? இப்ப என் கால ஒட. ஒடச்சிட்டு லாரிய விடு."

முடியைப் பிடித்து இழுத்தான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். தடி என் தோளில் இறங்கியது. திரும்பவும் இறங்கியது. எங்கள் அம்மா செத்தபோது என் மடியில் படுத்து அழுதவன் அவன். அந்த நினைப்பின் வலிதான் எனக்குத் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

லாரி ஓட்டிவந்த மலாய்க்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அவனிடம் கேட்டார்: "இனி காக்காக் காவ் கே?" உன் அக்காவா இவள்?

தம்பி தடியை இறக்கிவிட்டுத் தலை குனிந்தான்.

"புக்கான்" என்று நான் சொன்னேன். இல்லை.