பரிசோதனைக்குப் போன பாட்டில்

இருபது வருஷமாக ரங்கூனில் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரங்களைப் பொருத்தி வருகிறேன். அத்தனை வருஷமும் இன்னொருவர் லைசென்ஸின் கீழ்தான் வேலை. தொட்டியை நான் இறக்குவேன், குழாயை நான் இணைப்பேன், முடிந்ததும் பலகையில் அவர் பெயர் ஏறும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பாள் என் மனைவி. மற்ற காரணங்களையும் சொல்வாள். அது இங்கே வேண்டாம்.

போன வருஷம் ரங்கூனின் லைங் தாயா பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலை என்னையே நேராகக் கூப்பிட்டது. அங்கே ஆழ்குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அரை மணியில் துரு நிறமாகிவிடும். வேலைக்கு வரும் பெண்கள் குடிக்க வீட்டிலிருந்தே சுமந்து வந்தார்கள். மேலாளர் ஒரே நிபந்தனைதான் போட்டார்: மாதம் முடிவதற்குள் என் பெயரில் லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

விண்ணப்பத்தோடு வார்டு அலுவலகக் கடிதம், போலீஸ் கடிதம், அனுபவச் சான்று எல்லாம் சேர்ந்தன. கடைசியாக, நான் பொருத்திய எந்திரம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர். அதை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். பிடித்து மூடிய பிறகு திறக்கக் கூடாது என்று படிவத்தில் பர்மியில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

இங்கே தமிழர்கள் நாங்கள் முக்கியமான எந்தக் காகிதத்தையும் சாமி காலடியில் வைக்காமல் ஆபீசுக்குக் கொண்டுபோக மாட்டோம். பாஸ்போர்ட் ஆனாலும் பரீட்சை ஆனாலும் முதலில் கோயில். நானும் போனேன். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வாழைப்பழம், விண்ணப்பக் கோப்பு, பக்கத்தில் பாட்டில். குருக்கள் கோப்பின் மூலையில் குங்குமம் வைத்தார். பிறகு பாட்டிலின் மூடியைத் திருகி, ஒரு சிட்டிகை திருநீற்றை உள்ளே போட்டு, மூடிக் கையில் தந்தார். நான் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனசு நிறைந்துவிட்டது. நேரே போய் லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் ஃபோன் வந்தது. தண்ணீர் தேறவில்லை. கலங்கல் அதிகம், காரத்தன்மை அதிகம், அடியில் வண்டல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரோ பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்று வீடு அதிரக் கத்தினேன்.

"ஏங்க, ஐயரு அதுல துன்னூறு போட்டுக் குடுத்தாருன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமும் பயமும் சேர்ந்து வந்தன. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

மறுநாள் லைசென்ஸ் பிரிவின் அதிகாரி முன்னால் போய் நின்றேன். என் வயதுள்ள பர்மியப் பெண்மணி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். மறைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தைத் திருப்பி என் கையெழுத்தை விரலால் காட்டினார். பிறகு பர்மியில், "நாளைக்கு நானே வர்றேன். நீங்க குழாய்ப் பக்கமே வரக் கூடாது," என்றார்.

சொன்னபடி வந்தார். இன்சீன் பகுதியில் நான் பொருத்திய எந்திரத்திலிருந்து தானே தண்ணீர் பிடித்து, தானே சீல் வைத்து எடுத்துப் போனார். நான் வாசல் கேட்டோடு நின்றுகொண்டேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கூப்பிட்டனுப்பினார். தண்ணீர் தேறியிருந்தது. மேசை மேல் லைசென்ஸ். அதில் என் பெயர். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனைப் போல இரண்டு தரம் படித்தேன். எடுக்கப் போனால், அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எந்திரம் இவ்வளவு நல்லா வேலை செய்யுதே. அப்புறம் எதுக்கு உங்க சாமிகிட்ட கொண்டுபோனீங்க?"

பெண் அதிகாரிகளை இங்கே மரியாதையாக 'சயாமா' என்றுதான் அழைப்போம்.

"எந்திரத்துக்காக இல்லீங்க, சயாமா," என்றேன். "இந்த ஆபீசுக்காக."

அவர் சிரித்தபடியே கையை எடுத்தார்.